கடை யார் பெயரில்?



இந்தப் பொன்விழாவில் வியாபாரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் நான் பிறக்கும் முன்பே கடை திறந்தவர்கள். லாபம் பார்ப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொன்னால் அது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆகவே ஒரே கேள்வி: உங்கள் கடை யார் பெயரில் இருக்கிறது?

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம்மவர் கடைகள் பல 'எண்டர்பிரைஸ்' என்று 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி ஒருவர் பெயரில் பதிந்தவை. சட்டத்தின் கண்ணில் கடையும் முதலாளியும் ஒன்றே. அவர் மவுத்தானால் பேங்க் கணக்கு முடங்கும். கூட்டுக் கடையும் லேசுப்பட்டதல்ல: வேறு விதமாக எழுதி வைக்காவிட்டால், 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பங்காளி இறந்ததும் கூட்டு கலைந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடை. முதலாளிக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பெற்றோர் முன்பே இறந்துவிட்டார்கள். இருபது வருஷமாகக் கல்லாவையும் கொள்முதலையும் பார்த்தவர் ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்த தங்கை மகன். "நாலில் ஒண்ணு உனக்கு" என்று மாமா வாயால் சொல்லியிருந்தார். குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவர் பெயரை வணிகப் பதிவில் சேர்க்க முடியாது. மாமா மவுத்தானார். ஃபராயிள் கணக்கை 40 பாகமாக வைத்துப் பாருங்கள்: மனைவிக்கு 5, மகன்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. தங்கை மகனுக்கு ஒன்றுமில்லை. வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பாகம் வரை வசிய்யத் எழுத மார்க்கம் இடம் தருகிறது. ஒரு தாள் இருந்திருந்தால் போதும். அவர் ஊர் திரும்பினார். மகன்கள் ஆளுக்கொரு திசையில் இழுக்க, கடை மூடியது. அது கொடுத்துவந்த மதரஸா மாதச் சந்தாவும் நின்றது.

இன்னொன்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மகளுக்கு 7 பாகம் என்று கிதாபில் இருக்கிறது. நடப்பில், "கடை உடைஞ்சிரும்மா, நீ விட்டுக்கொடு" என்று தங்கையிடம் கையெழுத்து வாங்குகிறோம். செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனியாக இருந்தால் பங்குகள்தான் கைமாறும். சரக்கும் வேலையாட்களும் இருந்த இடத்தில் இருப்பார்கள். தங்கை தன் வீட்டில் இருந்தபடியே லாபப் பங்கு வாங்கலாம்.

மைடினைப் பாருங்கள். 1957இல் கோத்தா பாருவில் சிறு கடை. 1989இல் நம் மஸ்ஜித் இந்தியா சாலைக்கு வந்தது. இன்று நாடெங்கும் பேரங்காடிகள். பங்குச் சந்தைக்குப் போகாமல் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது, ஆனால் கம்பெனியாக.

செலவு உண்டு, மறைக்கவில்லை: கம்பெனி செயலாளர், ஆண்டுக் கணக்கு. 2016ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒரே ஆளாகவும் தொடங்கலாம். ஆனால் அந்த ஒருவர் போனபின் கையெழுத்துப் போட ஆள் தேட வேண்டியிருக்கும். இரண்டாவது பெயர் ஒன்று சேருங்கள். அது மனைவி பெயராக இருந்தால் வானம் இடிந்து விழாது.

பாலிடெக்னிக் முடித்து வந்த எனக்கு, வாப்பாவைச் சம்மதிக்க வைக்க மூன்று நோன்புப் பெருநாள் ஆயிற்று. "நம்ம புள்ளைகளுக்குள்ள பேப்பர் எதுக்குடா?" என்பார். அல்பகரா 282, குர்ஆனிலேயே நீளமான ஆயத், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்வதைத்தான் என்று ஹஜ்ரத் எடுத்துச் சொன்ன பிறகே பேனாவை எடுத்தார்.

வாசல் மேசையில் வசிய்யத் மாதிரிப் படிவங்கள் வைத்திருக்கிறோம். பிரியாணிக்கு முன்னால் எடுத்துக்கொள்ளுங்கள்; சாப்பிட்ட பின் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.