படகடியில் பிறந்த நட்பு



நட்பைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் பணித்தார். ஓடக்காரர் நட்பு என்றால் கங்கைக்கரைக் குகனைச் சொல்வது நம் வழக்கம். யான் சொல்லப் புகுவது நம் காலத்து இராமேசுவரத்து அகமது ஜலாலுதீனை.

மரக்கலத்தால் பெயர்பெற்ற மரக்காயர் குடும்பத்தில் 1931ஆம் ஆண்டில் பிறந்தவர் அப்துல் கலாம். அவருக்கு ஆறு வயதாயிருக்கையில், தந்தையார் ஜைனுலாபுதீன் யாத்திரிகரைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லப் பாய்மரப் படகு ஒன்றைக் கடற்கரையில் கட்டலானார். உடனிருந்து கட்டியவர் உறவினரான ஜலாலுதீன். பின்னர் அவ்வீட்டு மகள் ஜொகராவை மணந்தவரும் அவரே. படகு வளரும் அழகைக் காண வந்த சிறுவனுக்கும் அவருக்கும் பதினைந்து ஆண்டுகள் வயது வேற்றுமை. ஆயினும் தோழராயினர். சிறுவனை அவர் 'ஆசாத்' என்றே அழைப்பார். மாலைதோறும் இருவரும் மசூதித் தெருவினின்று புறப்பட்டுச் சிவன் கோயிலை வலம் வந்து, மணற்கரையில் இறைவனைப் பற்றியே பேசி நடப்பராம். அப்படகு பின்னொருநாள் புயலில் போயிற்று. நட்பு போகவில்லை.

ஜலாலுதீன் பள்ளிப்படிப்பைத் தொடர இயலாதவர். எனினும் அன்று அத்தீவில் ஆங்கிலம் எழுதவல்லவர் அவர் ஒருவரே. கேட்டவர்க்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தார். நம் காலனியில் பிறர் மனுவை நாளை எழுதலாம் என்று ஒதுக்கும் மெட்ரிகுலேஷன்காரர் சிலரை யான் அறிவேன், பெயர் வேண்டா! தாம் எட்டாத கல்வியைத் தோழன் எட்டவேண்டுமென்று அவர் விரும்பினார். சென்னையில் எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லாதபோது ஜொகரா தம் பொன்வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். மனைவியின் நகை அடகுக்குப் போவதைப் பொறுக்கும் கணவர் எத்தனை பேர்? தாய்மார்களே விடை கூறுக.

படித்து முடித்த கலாம் பயிற்சிக்கு வந்ததும் நம் பெங்களூருக்கே. பின்னரும் இங்கிருந்து 'நந்தி' என்னும் மிதவை ஊர்தியை உருவாக்கினார். அமெரிக்கா செல்லும்போது, பம்பாய் விமான நிலையத்தில் வழியனுப்ப நின்றவர் ஜலாலுதீன். உடன் நின்றவர் சம்சுதீன். இராமேசுவரத்தில் செய்தித்தாள் விற்றவர் அவர். உலகப்போர்க் காலத்தில் இரயில் அவ்வூரில் நில்லாமற்போக, ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட கட்டுகளைச் சேகரிக்கச் சிறுவன் கலாமைத் துணைக்கொண்டவர். இரயில்வே ஊழியனாகிய யான் இதனைச் சொல்லாமல் விடலாகாது.

ஜலாலுதீன் மறைந்த செய்தி எட்டியபோது கலாம் திருவனந்தபுரத்தில் இருந்தார். பேருந்து மாறிப் பேருந்தாக இரவு முழுதும் பயணம் செய்து மறுநாட் காலைதான் ஊர் சேர்ந்தார். ஊர்ச்செய்தி கேட்டு இரவு வண்டி ஏறிய நம்மவர்க்கு அவ்விரவின் நீளம் தெரியும். தமக்கைக்கும் அவர் மகளுக்கும் ஆறுதல் சொல்ல வேண்டியவரும் அவராகவே இருந்தார்.

1980 ஜூலை 18ஆம் நாள் எஸ்.எல்.வி.-3 ரோகிணியை விண்ணில் ஏற்றியது. அதைக் காண ஜலாலுதீன் இல்லை.