இடைவெளிக்குப் பின்னால் இருக்கிற சண்டை

(லண்டனில் எங்கள் மாதாந்தச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கணினித் துறையில் இல்லாத ஆக்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நான் எழுதுகிற நிரலை இன்னொருவர் வாசித்து "சரி" எண்டு சொன்னால்தான் அது சேர்க்கப்படும். இதுதான் கோட் ரிவியூ. பிழை பிடிக்க நல்ல வழி. ஆனால் அதுக்குள்ளயும் அதிகாரம் இருக்கு. அதைப் பற்றித்தான் கதைக்கப் போறன்.

எங்கட வேலைத்தலத்தில் ஒரு சீனியர். டாப்பா ஸ்பேஸா, மாறிக்கு என்ன பெயர், அடைப்புக்குறி எந்த வரியில் எண்டு பக்கம் பக்கமாகக் கருத்து எழுதுவார். சென்னையிலிருந்து வேலை வீசாவில் வந்த ஒரு பிள்ளை எல்லாத்துக்கும் "மாத்திடுறேன்" எண்டே பதில் போட்டா. ஒருமுறை அவர் சொன்னதே பிழை. அதையும் மாத்தினா. இரண்டு நாளில் சிஸ்டம் விழுந்துது. பழி அவவின்ர தலையில்.

"ஏன் பிள்ளை அப்பவே சொல்லேல்லை?" எண்டு கேட்டன்.

"அண்ணா, எனக்கு ஸ்பான்சர் பண்றதே இந்தக் கம்பெனிதான். அவர்கிட்ட எப்படி வாதாடுறது?" எண்டா.

ஸ்கில்ட் வேர்க்கர் வீசாவில் வேலை போனால், வேறு ஸ்பான்சர் தேட வழக்கமாக 60 நாள்தான் கிடைக்கும். அந்தப் பயத்தோடு சொல்கிற "ஓம்" உடன்பாடு இல்லை. அது பிழை எண்டு எனக்கும் தெரிஞ்சது. நிரந்தர வதிவிடம் இருந்தும் நான் வாய் திறக்கேல்லை. அதை இங்க ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

இது புதுப் பிரச்சினை இல்லை. நிரலைத் தன் சொத்தாக நினைக்கிறவருக்கு அதில் உள்ள பிழை கண்ணில் படாது எண்டு ஜெரால்ட் வைன்பேர்க் 1971இலேயே எழுதினார். ஐ.பி.எம்.மில் வகுத்த நிரல் பரிசோதனை முறையை 1976இல் வெளியிட்ட மைக்கேல் ஃபேகன், அதன் முடிவுகளை வைத்து ஊழியரை மதிப்பிடக்கூடாது எண்டு எச்சரித்தார்.

யோசிச்சுப் பாருங்கோ. அந்த நிரல் சீனியருடையதும் இல்லை, பிள்ளையினதும் இல்லை. கொம்பனியின் சொத்து. அதுக்காக நாங்கள் ஆளை ஆள் கடிக்கிறம்.

என்ன செய்யலாம்?

ஒண்டு, பாணிச் சண்டையை இயந்திரத்திட்டக் குடுங்கோ. கோ மொழிக்கு கோஃபம்ட், பைதனுக்கு பிளாக் இருக்கு. விதியைக் குழுவாக ஒருமுறை முடிவெடுத்தால் ஸ்பேஸைப் பற்றி ஒருத்தரும் கதைக்கத் தேவையில்லை.

இரண்டு, கருத்து எழுதேக்க "இது கட்டாயம்", "இது என்ர விருப்பம்" எண்டு பிரிச்சுச் சொல்லுங்கோ. காரணமும் எழுதுங்கோ.

மூண்டு, இரண்டு தரம் பதில் போயும் முடியாட்டி நேரில் கதையுங்கோ. ஒருவர் புதியவர் எண்டால் மூன்றாவது ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

நாலு, பயத்தை எந்த மென்பொருளும் தீர்க்காது. அதுக்குச் சங்கம் வேணும். சி.டபிள்யூ.யூ.வின் கிளையாக 2020இல் தொடங்கின யுனைட்டட் டெக் அண்ட் அலைட் வேர்க்கர்ஸ் இருக்கு. சேருங்கோ, வீசாவில் இருக்கிறவையையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

போன கிழமை அந்தப் பிள்ளை முதல்முறையாக "இது சரியா வராது, காரணம் இதுதான்" எண்டு பதில் எழுதினா. கீழ நானும் "எனக்கும் அதே கருத்து" எண்டு எழுதினன். பிந்தித்தான், ஆனாலும் எழுதினன்.