பேனா பிடித்த கையில் பெட்டிச் சாவி



சினிமாப் பத்திரிகை ஆசிரியர் பி.கே. கரஞ்சியாவுக்கு ராயபுரத்தில் எதற்கு அஞ்சலி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. 1919-இல் குவெட்டாவில் பிறந்தவர், பம்பாய்க்காரர், ஆங்கிலத்தில் எழுதியவர். ஆனால் அவர் பார்சி. நம் மேற்கு மாதா கோயில் தெருவில் 1910 முதல் அணையாமல் ஒரு நெருப்பு எரிகிறதே, அது யாருடைய கோயில்? இறந்துபோன மகன் ஜாலின் நினைவாக பிரோஜ் கிளப்வாலா எழுப்பிய பார்சிக் கோயில். தமிழ்நாட்டிலேயே அவர்களுக்கு அது ஒன்றுதான். ஈரானை விட்டுக் கடல்வழி வந்து குஜராத்தில் கரையேறிய மக்கள் அவர்கள். ஆந்திரக் கரையிலிருந்தும் பர்மாவிலிருந்தும் மூட்டையோடு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர்! கரஞ்சியா நமக்கு அந்நியரா?

தமிழ் பேசிய முதல் படம் 'காளிதாஸ்', 1931. அதைத் தயாரித்த அர்தேஷிர் இரானியும் பார்சிதான். அந்த நன்றியும் சேர்ந்தே இருக்கட்டும்.

கரஞ்சியா 'பிலிம்பேர்' இதழுக்கு 18 ஆண்டுகள் ஆசிரியர். பிறகு 'ஸ்கிரீன்'. நட்சத்திரங்களின் படம் போட்டு விற்கும் பத்திரிகை உலகின் நட்டநடுவில் இருந்த மனிதர் அவர். அவரிடம்தான் மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகத் தலைவர் பதவி வந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் யாருக்குப் பணம் கொடுத்தார் தெரியுமா? நட்சத்திரம் இல்லாமல், பாட்டு இல்லாமல் படம் எடுக்க வந்தவர்களுக்கு! வட்டிக்கடைக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பாரே, அவர்களுக்கு!

மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' கழகத்தின் பணத்தில் வந்தது. கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படம் 'சுயம்வரம்', 1972. கழகம் தந்த கடன் ஒன்றரை லட்சம் ரூபாய். சிறந்த படத்துக்கான தேசிய விருதை அது தட்டி வந்தது.

எனக்கு நெஞ்சில் நிற்பது சத்யூவின் 'கரம் ஹவா'. ஆக்ராவில் செருப்புத் தொழில் நடத்தும் ஒரு முஸ்லிம் பெரியவர். பிரிவினையில் உறவெல்லாம் பாகிஸ்தானுக்கு ரயிலேறுகிறது. கடன் கிடைக்கவில்லை, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. 'நீ எப்போது போகிறாய்?' என்பதுதான் எல்லார் பார்வையிலும். கரஞ்சியா பிறந்த குவெட்டா அந்தப் பிரிவினையில்தான் எல்லைக்கு அப்பால் போனது. அந்தக் கதைக்கும் கழகத்தின் பணம் போனது. தணிக்கையில் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்துதான் படம் வெளியே வந்தது.

கடன் பல திரும்பவில்லை, படங்களுக்குக் கொட்டகை கிடைக்கவில்லை என்று கழகத்தைக் குறை சொன்னார்கள். உண்மைதான். கொட்டகையும் கட்டிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் குறை! பணம் கொடுத்ததில் எனக்குக் குறையே இல்லை.

2012-இல், 92 வயதில் அவர் மறைந்தார்.

இந்த அஞ்சலியை நடத்தும் மன்றத்து நண்பர்களே, ஒரு கோரிக்கை. தண்டையார்பேட்டை அகஸ்தியா கொட்டகையும் 2020-இல் மூடியாயிற்று. இந்தத் திடலிலேயே திரை கட்டி, கரஞ்சியா பெயரைச் சொல்லி, அடுத்த மாதம் 'கரம் ஹவா'வைப் போடுங்கள். தமிழில் கதைச் சுருக்கம் அச்சடிக்கும் செலவு என்னுடையது. தேதியை இப்போதே, இந்த மேடையிலேயே அறிவியுங்கள்!