தகுதியானவர் கிடைக்கவில்லையா? நோட்டைக் காட்டுவோம்

(கள்ளக்குறிச்சியில் வேலை தேடும் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே,

காலையிலிருந்து இட ஒதுக்கீட்டின் வரலாறு பற்றிப் பேசினார்கள். எனக்குக் கொடுத்திருப்பது சின்ன விஷயம். போட்ட விண்ணப்பத்துக்கு எப்படிக் கணக்கு வைப்பது, போட்டபிறகு எப்படிப் பின்னாலேயே போய்க் கேட்பது. இதுக்கெல்லாம் ஒரு பேச்சா என்று சிலபேர் முகத்தில் தெரியுது. சட்டம் கொடுத்த இடம் பலமுறை இந்தச் சின்ன விஷயத்தில்தான் நம் கையை விட்டுப் போகிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கம்மா கூலிக்காரி. சங்கராபுரம் பக்கத்தில் ஒரு சேரி. நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு. பள்ளிக்கூட வாசலை மிதிச்சதில்ல. ஆனா எத்தனை நாள் கூலி பாக்கின்னு அடுப்பங்கரைச் சுவத்துல கரிக்கோடு போட்டு வச்சிருப்பாங்க. ஒரு நாளைக்கு ஒரு கோடு. பாக்கி தீர்ந்தா குறுக்கே ஒரு இழுப்பு. அறுப்பு முடிஞ்சு கணக்குப் பார்க்கும்போது பண்ணைக்காரர் நோட்டைப் பிரிப்பார். 'இருபது நாள்தானே வந்த'ம்பார். 'இல்லீங்க, இருபத்தாறு. எங்கூட்டுச் சுவத்துல இருக்குது, வந்து எண்ணிப் பாருங்க'ன்னு அம்மா சொல்லும். அவர் எங்க வரப்போறார்? சேரிக்குள்ள கால் வைக்கமாட்டார். ஆனா இந்தப் பக்கமும் ஒரு கணக்கு இருக்குதுன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. சில வருசம் ஏசிட்டுக் கொடுத்தார், சில வருசம் ஏசிட்டு மட்டும் விட்டார். கோடு போடாத வீட்டுக்கு எந்த வருசமும் கொடுத்ததில்ல.

இந்தச் சமூகத்தில் கணக்கு எப்போதும் யார் கையில் இருந்தது என்று யோசியுங்கள். ஊர்க் கணக்கு பரம்பரைக் கர்ணத்திடம் இருந்தது. அந்தப் பரம்பரைப் பதவி 1980-இல்தான் ஒழிந்தது. இதோ மேலே தெரிகிற கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர்தார்கள் ஆட்சி. மலை மக்கள் கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் உழைத்தார்கள். நிலக் கணக்கும் சரி, உழைப்புக் கணக்கும் சரி, உழைத்தவன் கையில் இல்லை. எழுத்து அவன் கையில் இருந்ததால் தீர்ப்பும் அவன் வாயில் இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். 1943-இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு எட்டும் மூன்றில் ஒரு பங்கும் விழுக்காடு என்று எண் போட்டு ஒதுக்கப்பட்டதற்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடித்தர 1945-இல் தொடங்கிய வேலைவாய்ப்பு அலுவலக அமைப்பும் அவர் பொறுப்பிலிருந்த துறையில்தான் வந்தது. 1948-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பெயர், படிப்பு, பதிவு எண், மூப்பு. யாருடைய சிபாரிசும் இல்லாமல் சேரிப் பையன் ஒருவன் வரிசையில் நின்றது அங்கேதான்.

எங்கள் தலைமுறைக்கு அந்த அட்டைதான் சொத்து. 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிரியும்வரை நாம் தென்னாற்காடு. மாவட்டத் தலைநகர் கடலூர். கல்வராயன் மலையில் இருக்கிறவன் ஒருநாள் நடந்து, ஒருநாள் பஸ் ஏறிப் போகணும். மூணு வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். மறந்தா மூப்பு போச்சு. கரும்பு வெட்டப் போன இடத்தில் மாசம் மறந்து, பத்து வருச மூப்பை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அட்டை இருந்தவனும் ஏமாந்தான். பதிஞ்சாச்சு, கார்டு வரும்னு உட்கார்ந்தான். 1996-இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. அதோடு உட்கார்ந்து காத்திருக்கிற காலம் முடிந்தது. தேடிப்போய் விண்ணப்பிக்கிற காலம் வந்தது. நம்மில் பலபேருக்கு அது உறைக்கவேயில்லை.

இப்ப என் கதை. 1992. ஒரு நிறுவனம், பெயரும் ஊரும் வேண்டாம். எழுத்தர் வேலை, நமக்கு மூணு இடம். எங்கள் சேரியில் நாலு பேர் விண்ணப்பம் போட்டோம். மூணு பேர் சாதாத் தபால். ஒருத்தன் மட்டும் காசு கடன் வாங்கி ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினான். நாங்க அவனைக் கிண்டல் பண்ணோம். 'கலெக்டர் வேலைக்கா போடுற'ன்னு. ஆறு மாசம் ஆச்சு. ஒரு தகவலும் இல்ல. நேரில் போனோம். 'உங்க அப்ளிகேஷன் எதுவும் வரலியே. எஸ்.சி.யில தகுதியானவங்க யாரும் கிடைக்கலன்னு மேல எழுதியாச்சு'ன்னார் எழுத்தர். அவன் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல வச்சான். அவங்க முத்திரை, அவங்க கையெழுத்து, தேதி. எழுத்தர் எழுந்து உள்ளே போனார். அரைமணி நேரம் கழிச்சு ஒரு கட்டைத் தூக்கிட்டு வந்தார். அவன் உறை அதுல இருந்தது. பிரிக்கவே இல்ல.

அவன் விடல. மனு மேல மனு. ரெண்டு வருசம் கழிச்சு ஒரு இடம் அவனுக்குக் கிடைச்சது. மீதி ரெண்டு இடத்துக்கு நாங்களும் கேட்டோம். நீங்க அனுப்பினதுக்கு என்ன ஆதாரம்னாங்க. எங்ககிட்ட ஒண்ணுமில்ல. எங்கம்மா சுவத்துல கோடு போட்டாங்க. பட்டம் வாங்கின நான் ஒரு ரசீது வாங்கி வைக்கல. அந்த வெட்கத்தில்தான் இன்னிக்கு உங்க முன்னால நின்னு பேசறேன்.

'தகுதியானவர் கிடைக்கவில்லை.' தோழர்களே, இந்த ஒரு வரியை வைத்துத்தான் நம் இடங்கள் காலியாகவே வைக்கப்பட்டன. இது வெறும் சாக்கு இல்லை, கோப்பில் ஏறுகிற ஆவணம். ஆவணத்தை ஆவணத்தால்தான் வெட்ட முடியும்.

தனியாரில் மட்டும் தகுதி பார்க்கிறார்களா? சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவலும் ஓர் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பு, தகுதி ஒன்றுதான். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அவர்கள் எப்படி நிரூபித்தார்கள்? எதை, எப்போது, யாருக்கு அனுப்பினோம், என்ன பதில் வந்தது என்று 66 வாரம் கணக்கு வைத்தார்கள். அவ்வளவுதான். நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை, முகவரியில் இருந்தது. 'காலனி' என்று ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். சொல் போகலாம். தெருவைத் தெரிந்தவன் கண் போகுமா?

சரி, செய்ய வேண்டியதைச் சொல்றேன். ஒரு நோட்டு வாங்குங்க. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பக்கம். விளம்பரம் எதில், எந்தத் தேதியில் வந்தது, அதன் எண் என்ன, மொத்தம் எத்தனை இடம், நமக்கு எத்தனை. கடைசி நாள். நீங்க அனுப்பிய நாள், ரசீது எண். கூட வச்ச நகல் என்னென்ன. விளம்பரத்தை வெட்டி அதே பக்கத்தில் ஒட்டுங்க. பக்கத்தின் கீழ்ப்பாதியை வெறுமையாய் விடுங்க. அது போய்க் கேட்டதை எழுத: எந்தத் தேதியில் போனேன், எந்தப் பதவியில் இருப்பவர் பேசினார், என்ன சொன்னார், மறுபடி எப்ப வரச் சொன்னார்.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். ஆகவே விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை நோட்டில் ஒட்டுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டலாம், கொடுக்கக் கூடாது. வேலை வாங்கித் தர்றேன்னு பணம் கேட்கிறவனுக்கு இந்த நோட்டில் பக்கமே கிடையாது.

இப்ப எல்லாம் கணினிவழி. கம்ப்யூட்டர் சென்டருக்குப் போறோம். அவசரத்தில் சென்டர்காரர் தன் போன் நம்பரையே போட்டுடறார், தன் மெயிலையே கொடுத்துடறார். நுழைவுச்சீட்டு வந்த செய்தி அவர் போனுக்குப் போகுது. கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும். கர்ணம் கையிலிருந்த கணக்கு சென்டர் கைக்குப் போயிடுச்சு, வேறென்ன? உங்க நம்பர், உங்க மெயில், உங்க கடவுச்சொல். விண்ணப்ப எண்ணை அங்கேயே நோட்டில் எழுதி, அச்சுப் படியோடுதான் வெளியே வரணும்.

அப்புறம், பின்னால் போய்க் கேட்பது. நம்ம பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். 'ரெண்டாவது தடவை போனா கோவிச்சுப்பாங்களோ'ன்னு கூச்சம். தலைமுறை தலைமுறையாக வாசலுக்கு வெளியே நிற்க வைத்ததால் வந்த கூச்சம் அது. மத்தவங்க வீட்டுப் பையனுக்கு உள்ளே ஒரு மாமா இருக்கிறார், ஒரு சித்தப்பா இருக்கிறார். அவன் நேரில் போகவே வேண்டாம். நமக்கு உள்ளே யாரும் இல்லை. அதனால நாமேதான் போகணும். கடைசி நாள் முடிஞ்சு 15 நாளில் ஒரு போன். இன்னும் 15 நாளில் ஒரு கடிதம். மரியாதையாக, சுருக்கமாக, தேதியும் ரசீது எண்ணும் போட்டு. தனியார் கம்பெனியாக இருந்தாலும் இதையேதான் செய்யணும். அங்கே இட ஒதுக்கீடு இல்லை, தகவல் சட்டமும் நேராகப் பாயாது. விடாமல் கேட்பது ஒன்றுதான் வழி.

அரசு அலுவலகம் என்றால் 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தரணும். வரலன்னா அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். 'எனக்கு ஏன் வேலை தரல'ன்னு கேட்காதீங்க, பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்க. இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகல். மொத்தப் பணியிடத்தில் நிரம்பியது எத்தனை, பட்டியல் சாதிக்கு எத்தனை, பழங்குடிக்கு எத்தனை. விண்ணப்பித்தவர் எத்தனை பேர், அழைத்தவர் எத்தனை பேர். இடம் காலியென்றால் அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோனார்களா. 1995-இல் சபர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலியிடத்தை வைத்தல்ல, மொத்தப் பணியிடத்தை வைத்தே சுழற்சிக் கணக்கு ஓட வேண்டும் என்றது. நிரப்பாத இடங்களைத் தனியாகக் கொண்டுபோய் நிரப்ப 2000-இல் 81-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வழி செய்தது. இந்த பதில்களை வைத்துத்தான் பட்டியல் சாதியினர் ஆணையத்துக்குப் போக முடியும்.

தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 3, 2009 சட்டப்படி. பழங்குடிக்கு 1 விழுக்காடு. 200 புள்ளிச் சுழற்சியில் இரண்டே இடம். யோசிச்சுப் பாருங்க, வெள்ளிமலையில், சேராப்பட்டில் இருக்கிற மலையாளிப் பிள்ளைக்கு ஒரு சின்ன அலுவலகத்தில் முறை வருவது ஒரு தலைமுறைக்கு ஒருதடவை. அந்த ஒருதடவை யாரும் பார்க்கலன்னா போச்சு. அதிலும் அவங்களுக்குச் சாதிச் சான்றிதழ் தாசில்தார் தரமுடியாது, கோட்டாட்சியர்தான் தரணும். மலையிலிருந்து இறங்கி எத்தனை தடவை வந்தோம் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேல் செத்தபோது, மலையில காய்ச்சறாங்கன்னு ஊரே பேசுச்சு. மலையில எத்தனை பட்டதாரி விண்ணப்பம் போட்டுட்டு எஸ்டேட் வேலைக்குக் கேரளா போறான்னு யாரும் எண்ணல.

அதை நாம எண்ணுவோம். தனி ஆள் நோட்டு அவனுக்கு வேலை வாங்கித் தரலாம், தராமலும் போகலாம். ஒரு சேரியின் நாற்பது நோட்டு சேர்ந்தால் அது சாட்சி. மாசத்தில் முதல் ஞாயிறு, இரவுப் பள்ளியிலோ மன்றத்திலோ கூடுங்க. ஆளாளுக்கு நோட்டைப் பிரிச்சு வாசிங்க. யாருக்குப் புதுப்பிக்கிற மாசம் வருது, யார் மேல்முறையீடு போடணும், எந்த அலுவலகம் ஒரே பதிலை மூணு பேருக்குச் சொல்லியிருக்குன்னு தெரியும். ஒருத்தர் தனியாகப் போகக் கூச்சப்பட்டால் கூட ஒருத்தர் போங்க. அடுத்த தடவை எவனாவது 'உங்க ஆளுங்க யாரும் விண்ணப்பிக்கவே இல்லை'ன்னு சொன்னா, நாற்பது நோட்டையும் அந்த மேசைமேல வைப்போம்.

எங்கம்மா இப்ப இல்ல. அந்தச் சுவரும் இல்ல, தொகுப்பு வீடு வந்துடுச்சு. பயிலரங்கு ஏற்பாடு பண்ண தோழர்கள் ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கி வச்சிருக்காங்க. சாப்பிடப் போறதுக்கு முன்னால, கடைசியாகப் போட்ட விண்ணப்பம் எதுவோ, அதை முதல் பக்கத்தில் எழுதிட்டுப் போங்க. ரசீது இல்லாதவங்க 'ரசீது இல்லை'ன்னு எழுதுங்க. நாளைக்கே போய் வாங்குவோம்.

ஜெய்பீம்.