மனநோய் மருத்துவர் கிரீந்திரசேகர போஸ்

உடல் நோய்க்கு மருத்துவரை நாட நாம் தயங்குவதில்லை. மனநோய் என்றாலோ, முதலில் அதை மறைக்கிறோம். மறைக்க இயலாத நிலை வந்த பின்னரே வைத்தியம் தேடுகிறோம். இந்தத் தயக்கம் இன்றைக்கும் நீங்கவில்லை. அதை நீக்க வழிதேடிய முன்னோடிகளுள் ஒருவர், கல்கத்தாவில் வாழ்ந்த டாக்டர் கிரீந்திரசேகர போஸ்.

1887ஆம் ஆண்டில் பிறந்த போஸ், இளமையில் ஜாலவித்தையிலும் ஹிப்னாடிசத்திலும் ஈடுபாடு கொண்டிருந்தார். 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் தொழில் தொடங்கினார். மருத்துவராக இருந்துகொண்டே கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மனோதத்துவம் பயின்று, 1917இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார், பின்னர் அங்கேயே ஆசிரியரானார். மனத்துள் அமுக்கப்படும் ஆசைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1921இல் வெளிவந்தது. அதனை வியன்னாவிலிருந்த சிக்மண்ட் பிராய்டுக்கு அனுப்பிவைத்தார். அதனால் கடிதத் தொடர்பு ஏற்பட்டுப் பல்லாண்டுகள் நீடித்தது. ஆயினும் இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை. 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவிய போஸ், இறுதிவரை அதன் தலைவராக விளங்கினார்.

நோயாளிகளிடம் அவர் கையாண்ட முறை யாது? நாம் உணரும் ஒவ்வோர் ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்று உள்ளத்தின் அடித்தளத்தில் மறைந்திருக்கிறது என்பது அவர் கொள்கை. அடிக்க விரும்புபவனிடம் அடிபடும் விருப்பமும் ஒளிந்திருக்கும் என்பார். ஆகவே, நோயாளியை எதிராளியின் இடத்தில் தம்மை வைத்துக் கற்பனை செய்யச் சொல்வார். தந்தையின் கடுமையால் உள்ளம் நொந்த மகன், சிறிது நேரம் தந்தையாகவே இருந்து பார்க்கவேண்டும். இவ்வாறு மாறி மாறி நிற்கும்போது, மறைந்திருந்த ஆசை வெளிப்பட்டு மனப்போராட்டம் தணியும் என்று அவர் கருதினார்.

பிராய்டை மதித்த போதிலும், அவர் சொன்னதையெல்லாம் போஸ் ஏற்கவில்லை. ஐரோப்பிய நோயாளிகளிடம் பிராய்டு கண்ட சில அச்சங்கள் இந்திய நோயாளிகளிடம் அவ்வளவு அழுத்தமாகக் காணப்படவில்லை என்று 1929இல் அவருக்கே எழுதினார். ஏட்டில் படித்ததைவிட, எதிரே அமர்ந்திருப்பவர் சொல்வதையே அவர் பெரிதாகக் கொண்டார்.

1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநோய்க்கான புறநோயாளர் பிரிவை அவர் தொடங்கினார். இது பெரியதொரு மாறுதல். மனநோயாளியும் மற்றவரைப் போல மருத்துவரைக் கண்டுவிட்டு வீடு திரும்பலாம் என்பதை அது நடைமுறையில் காட்டியது. 1940இல், தமையனார் இராஜசேகர போஸ் அளித்த இடத்தில், லும்பினி பார்க் மனநோய் மருத்துவமனையைக் கழகம் திறந்தது.

அந்தத் தமையனார் 'பரசுராம்' என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதிப் புகழ்பெற்றவர். பார்சிபாகான் சந்திலிருந்த அவர்கள் இல்லத்தில் நண்பர்கள் கூடி உரையாடி மகிழ்வார்கள். டாக்டர் போஸும் புராணங்களைப் பற்றியும் கீதையைப் பற்றியும் வங்காளியில் எழுதினார். செவ்வெறும்புகளும் கருப்பெறும்புகளும் போரிடும் கதையொன்றைக் குழந்தைகளுக்காகப் படைத்தார். 1953இல் அவர் மறைந்தார்.

இன்று நல்ல மருந்துகள் பல வந்துள்ளன. உளப்பகுப்பாய்வை மட்டும் நம்பும் மருத்துவர் மிகச் சிலரே. மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆனால், நோயுற்றவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டியவர்கள் வீட்டார்தாம். ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி நாளைக் கடத்துமுன், அவர் இடத்தில் நம்மை ஒரு கணம் வைத்துப் பார்ப்போமாக.