குடியிருப்போர் உடைமையும் காப்புறுதியும்

2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது, மாத்தளை மாவட்டத்து மலைச்சரிவுகளிலும் மண்சரிவு நேர்ந்தது. மண், சொந்த வீடென்றும் வாடகை வீடென்றும் பார்ப்பதில்லை. காப்புறுதியோ அதைத்தான் முதலிற் பார்க்கிறது.

வீட்டுச் சொந்தக்காரர் தம் கட்டடத்துக்கு எடுத்த காப்புறுதி, அதிலே குடியிருப்பவரின் கட்டிலையோ அலுமாரியையோ தையல் இயந்திரத்தையோ காக்காது. ஒரு பொருள் அழிந்தால் நட்டம் எவரைச் சேருமோ அவரே அதற்குக் காப்புறுதி செய்யலாம் என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. சுவரும் கூரையும் ஒருவருடையவை, உள்ளிருப்பவை மற்றொருவருடையவை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயன் அறையில் வாழ்வோருக்கும் இதுவே பொருந்தும்.

ஆகவே குடியிருப்பவர் தம் வீட்டுப் பொருள்களுக்கெனத் தனியே பத்திரம் எடுத்தல் வேண்டும். தீயும் மின்னலும் பெரும்பாலும் அதில் அடங்கும். வெள்ளம், மண்சரிவு ஆகியவை அடங்கியுள்ளனவா என்று கேட்டறிதல் அவசியம். கலவரச் சேதமும் தனியே சேர்க்கப்படுவதே. 1983ஆம் ஆண்டு ஜூலையில் மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயமே தீக்கிரையானதை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். அதன் பின்னர், 1987இல், கலவரச் சேதத்துக்கென அரசாங்கம் ஒரு நிதியம் அமைத்தது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் பின்னர் அதனைப் பொறுப்பேற்றது.

கட்டணத்தைக் குறைக்கவெண்ணிப் பொருள்களின் பெறுமதியைக் குறைத்துச் சொல்வோர் பலர். 8 இலட்சம் ரூபா பெறுமதியான பொருள்களை 4 இலட்சத்துக்கே காப்புறுதி செய்தீர்கள் எனக் கொள்வோம். 2 இலட்சத்துக்குச் சேதம் நேர்ந்தால், சராசரி விதி உள்ள பத்திரத்தில் உங்களுக்குக் கிடைப்பது 1 இலட்சமே. பாதிப் பெறுமதிக்குக் கட்டணம் செலுத்தியவருக்குப் பாதி நட்டஈடு! பத்தாண்டு பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கும், பத்திரத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, தேய்மானம் கழித்தே பணம் வரும். நகைக்கும் ரொக்கத்துக்கும் தனி வரம்புகள் உண்டு.

பொருள்களின் பட்டியலும் பற்றுச்சீட்டுகளும் நிழற்படங்களும் வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் ஒரு பிரதியாவது இருத்தல் நன்று. மண்ணுக்குள் புதையுண்ட அலுமாரியில் இருக்கும் பட்டியலால் எவருக்குப் பயன்? சேதம் நேர்ந்ததும் தாமதியாது நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை பழுதடைந்த பொருள்களை வீசிவிடாதீர்கள்.