ஆலா ஏன் குஞ்சை விட்டுட்டுப் போகுது?

கோட்டுச்சேரிமேடு கடற்கரையில ஆலாப் பறவைங்களைப் பார்த்தேன்னு போன எபிசோடுல சொன்னேன்ல? "அதுங்க கூடு எங்க கட்டும்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

நமக்குக் கிட்ட இருக்கற முக்கியமான இடம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவுல இருக்கற ஆதாம் பாலம் மணல்திட்டுங்க. இலங்கைப் பக்கத்தை 2015-ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. கூடுன்னா குச்சி, நார் எதுவும் கிடையாது. மணல்ல ஒரு சின்னப் பள்ளம், அவ்ளோதான். அலை கொஞ்சம் ஏறினா முட்டை போச்சு.

ஆனா அலையை விடப் பெரிய சிக்கல் சூடு. கடலோட மேல்தண்ணி ரொம்ப சூடானா, அடியில இருக்கற குளிர்ந்த, சத்துள்ள தண்ணி மேல ஏறாது. மிதவை உயிரிகள் குறையும். அதைத் தின்ற சின்ன மீனுங்க ஆழத்துக்கோ வேற பக்கமோ போயிடும். ஆலாவால ரொம்ப ஆழம் முங்க முடியாது. மீன் பத்து மீட்டர் கீழ இருந்தா, ஆலாவைப் பொறுத்தவரை அங்க மீனே இல்ல.

மத்த நாள்ல மீன் இருக்கற பக்கம் பறந்து போயிடலாம். குஞ்சு இருக்கும்போது முடியாது. வாயில மீனோட திரும்பி வரணும்.

1982 நவம்பர். பசிபிக் நடுவுல கிறிஸ்துமஸ் தீவு, சுமார் 1.7 கோடி கடற்பறவைங்களோட வீடு. ரால்ஃப் ஷ்ரைபர்னு ஒரு பறவையியலாளர் போய்ப் பார்க்கறார். பெரிய பறவைங்க கிட்டத்தட்ட எதுவுமே இல்ல. விட்டுட்டுப் போன குஞ்சுங்க பட்டினியில கிடக்குது. காரணம், எல் நினோ.

முதல்தடவை படிச்சப்போ எனக்குக் கோவம்தான் வந்துச்சு. என்ன பெத்தவங்கடா இவங்கன்னு. அப்புறம் கணக்குப் போட்டேன் (பழக்கதோஷம்). அங்க அதிகமா இருந்தது சூட்டி டெர்ன்னு ஒரு ஆலா வகை. ஒரு தடவைக்கு ஒரே முட்டை. ஆனா 30 வருஷத்துக்கு மேலகூட வாழும். குஞ்சு போனா அடுத்த முறை பார்த்துக்கலாம். தானே செத்துட்டா குஞ்சும் போச்சு, இனி வரப்போற குஞ்சுங்களும் போச்சு. கடல் பழையபடி ஆனதும் பறவைங்க திரும்பி வந்து முட்டை வச்சுது.

அதாவது, எப்பவாவது வர்ற கெட்ட வருஷத்தைத் தாங்கத்தான் இந்த ஏற்பாடு. கடல் சூடாகிட்டே போய், கெட்ட வருஷம் அடுத்தடுத்து வந்தா? இந்தக் கணக்கு உதைக்குது.

ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், மீன் குஞ்சு பொரிக்கட்டும்னு நம்ம விசைப்படகுங்க கரையில நிக்கும். அப்போ சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். வலையைத் தைச்சுக்கிட்டே கேட்டாரு: "ஆலா விழுற இடத்துலதான்டா நாங்க வலை விடுவோம். அதுக்கே மீன் எட்டலன்னா, நாங்க எதைப் பார்த்துப் போறது?"